பதினெட்டு ராத்திரிக்கு இடமிருக்கிறது

எண்பதுகளின் கடைசியில் காங்கேயம், தாராபுரம் பக்கத்து ஊர்களுக்கு உடுக்கடிப் பாட்டுப் பிடிக்கப் போவதென்றால் ஒரு மூட்டையே கட்ட வேண்டும். கைப்பிடி வைத்த டேப் ரெக்கார்டர், அதற்குக் கட்டை பேட்டரிகள், மாற்றுக்கு இன்னொரு செட், மைக், ஒயர், வெற்றுக் கேசட்டுகள். சி-90 கேசட்டில் நாடா மெல்லிசு, சிக்கிக்கொள்ளும் என்று சி-60தான் வாங்குவோம். பக்கத்துக்கு 30 நிமிஷம். கதையோ அண்ணன்மார் சாமி கதை. பொன்னரும் சங்கரும் பிறப்பதற்கு முந்தைய தலைமுறைகளில் தொடங்கி, அவர்களைப் படுகளத்தில் கொண்டுவந்து சாய்ப்பதற்குள் ராத்திரிகள் பல ஓடிவிடும்.

கதை முழுவதையும் பிடிக்கும் அளவுக்குக் கேசட் வாங்க எங்களில் யாரிடமும் காசு கிடையாது. கதையின் ஏட்டுப் பாடத்தைக் கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்திருந்தார், அது எங்கள் கையில் இருந்தது. ஆனால் உடுக்கைச் சத்தமும், பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் பின்பாட்டுக்காரர் எடுத்துக்கொடுக்கும் குரலும் அச்சில் எப்படி வரும்? அதற்காகத்தான் அலைந்தோம்.

முழுசாகப் பிடித்தவர் எங்களுக்கு முன்பே ஒருவர் இருந்தார். மானுடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் அறுபதுகளின் நடுவில் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்துக்கு வந்து தங்கினார். 1965இல் இந்தக் கதையை 18 இரவுகள் பாடவைத்து ஸ்பூல் நாடாவில் ஏற்றினார். பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை உலகத்துக்குக் காட்டியே அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கொங்குக் குடியானவர் சமூகம் பற்றிய அவருடைய நூல் 1972இலும், இந்தக் கதையை ஆராயும் ‘தி த்ரீ ட்வின்ஸ்’ 1982இலும் வந்தன. கதைப் பாடம் தமிழும் ஆங்கிலமுமாகச் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வெளியீடாக அச்சானது 1992இல். பாடியதற்கும் அச்சானதற்கும் இடையில் 27 வருஷம். ஒரு ஊரின் தொண்டையை நாடா அத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தது. அந்த அம்மா செய்த வேலைக்கு இந்த மண் கடன்பட்டிருக்கிறது என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

எங்கள் டேப் ரெக்கார்டரில் பித்தான்கள் கொஞ்சம்தான். சிவப்பையும் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அமுக்கினால் பதிவு. ஓட்ட, சுற்ற, நிறுத்த ஒவ்வொன்று. மேலே மூன்று இலக்க எண்காட்டி. ஒலி அளவை நாம் தொட வழியில்லை, இயந்திரமே ஏற்றி இறக்கிக்கொள்ளும். உடுக்கை ஓங்கி அடிபட்டதும் அளவை இறக்கிவிடும், அடுத்து வருகிற பாட்டு வரி கிணற்றுக்குள் போய்விடும். பாட்டு நின்று சனம் அமைதியானால் அளவை ஏற்றிச் சில்வண்டுச் சத்தத்தையும் மோட்டார் இரைச்சலையும் மேலே கொண்டுவரும். பேட்டரி தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடும். அப்படிப் பிடித்ததைப் புது பேட்டரியில் போட்டுக் கேட்டால், அறுபது வயதுப் பாட்டுக்காரரின் குரல் சின்னப் பையன் குரலாகக் கீச்சிடும்.

ஆனாலும் அந்தப் பெட்டி எங்களைப் பாட்டுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தது. 30 நிமிஷத்துக்கு ஒரு தரம் டக்கென்று பித்தான் துள்ளும். ஒரு பாட்டுக்காரப் பெரியவர் முதல் ராத்திரியிலேயே அதைக் கவனித்துவிட்டார். அடுத்த ராத்திரி முதல், பித்தான் துள்ளிய சத்தம் காதில் விழுந்ததும் வரியை முடித்துவிட்டு உடுக்கையை மட்டும் உருட்டிக்கொண்டிருப்பார். இடது கை கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் சத்தத்தை வளைக்கும், கண் என் கை மேல் இருக்கும். நான் கேசட்டைத் திருப்பிப் போட்டுச் சிவப்பை அமுக்கியதும் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு விட்ட இடத்தில் பிடிப்பார். நாடா தீரப்போகிறது என்று நான் சைகை காட்டினால், சங்கர் கொம்பன் பன்றியைத் தேடிப் போகும் காட்டை இன்னும் கொஞ்சம் நீளமாக்கி, பன்றி எதிரில் வருவதை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவைப்பார்.

நடுச்சாமத்தில் காப்பித்தண்ணி வரும்போது பிடித்ததைப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். “ஏனுங் தம்பி, என்ற பேச்சு இப்பிடியா இருக்குது?” என்பார் பின்பாட்டுக்காரர். பாட்டுக்காரப் பெரியவர் சிரிக்க மாட்டார். காதைப் பெட்டி மேலே வைத்துக் கேட்டுவிட்டு, “அந்த எடத்துல ஒரு வரி உட்டுப்போட்டனுங் கண்ணு, நாளைக்குச் சேத்துப்போடறன்” என்பார். மறுநாள் சேர்த்தும் விடுவார். பிடித்து முடித்த கேசட்டின் முதுகிலிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் ஏற்ற முடியாது. அட்டையில் ஊர், தேதி, கதையின் இடம் எல்லாவற்றையும் பேனாவில் எழுதிவைப்போம். அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன.

இப்போது சட்டைப் பையில் இருப்பது ஜூம் எச்1. 2010இல் வந்த மாடல், வெயிலில் காய்ந்த முருங்கைக்காய்த் துண்டு அளவுக்குத்தான் கனம். நுனியில் இரண்டு மைக்குகள் 90 டிகிரிக் கோணத்தில் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கும். பாடுகிறவரை இடது பக்கமும் பின்பாட்டை வலது பக்கமும் பார்த்து முக்காலியில் வைத்தால், கண்ணை மூடிக் கேட்கும்போது இருவரும் அந்தந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். தரையில் வைக்கக் கூடாது, காலடியும் சலங்கையும் தரை வழியாகவே ஏறிவிடும். நடுவில் ஒரே ஒரு சிவப்புப் பித்தான். பக்கவாட்டில் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு ஜோடி, தள்ளுவிசையைப் பூட்டுப் பக்கம் தள்ளிவிட்டால் எல்லாப் பித்தானும் பூட்டிக்கொள்ளும். கூட்டத்தில் யார் கை பட்டாலும் பதிவு நிற்காது.

முதுகில்தான் விஷயம் இருக்கிறது. மூன்று சின்ன விசைகள். ஒன்று தானியங்கி அளவு. பழைய பெட்டி செய்த அதே வேலையை இதுவும் செய்யும், ஆனால் இதில் அணைத்துவைக்கலாம். உடுக்கைக்கு அணைத்தே ஆக வேண்டும். ஆரம்பிக்கும் முன், “உங்களால முடிஞ்ச மட்டும் ஓங்கி ஒரு அடி போடுங்க” என்று கேட்டு, அந்த அடி திரையில் −12 டெசிபல் பக்கம் நிற்கும்படி அளவை வைத்துவிட்டால் ராத்திரி முழுக்கத் தொட வேண்டாம். நாடாவில் சத்தம் மிஞ்சினால் கரகரப்போடு போயிற்று. இதில் சைபரைத் தாண்டிய அடி வெட்டுப்பட்டுப் போகும், பிறகு எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் திரும்பாது.

இரண்டாவது விசை அடித்தொண்டைச் சத்தங்களை வடிகட்டுவது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் இறங்கும் காற்றை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பல்லடம், உடுமலை மேட்டில் காற்றாலையைச் சுற்றும் அதே காற்று மைக் வாயில் அடித்தால் பதிவு முழுக்க லாரி உறுமல்தான். மைக்குக்குப் பஞ்சுக் குல்லாவும் போட்டு இந்த விசையையும் போட்டால் பாட்டு பிழைக்கும். காற்றில்லாத மாசியில் இதை அணைத்துவிடுங்கள், பம்பையின் கனம் வேண்டும். மூன்றாவது விசை வேவ் வேண்டுமா, எம்பி3 வேண்டுமா என்று கேட்கும். இடம் மிச்சமாகும் என்று எம்பி3 போடுகிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. உடுக்கையின் கூர்மையான அடியை அது மழுக்கும்.

இடத்துக்கு இப்போது பஞ்சமே இல்லை. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் மணிக்கு சுமார் 635 எம்பி. நகத்தளவு 32 ஜிபி கார்டில் ஏறத்தாழ 50 மணி நேரம் நிற்கும். ஓலப்பாளையத்தில் பாடியது போல 18 ராத்திரி, ராத்திரிக்கு இரண்டரை மணி என்று வைத்தாலும் 45 மணிதான். கேசட்டைத் திருப்ப வேண்டாம், எதையும் விட வேண்டாம். அந்த நாளில் நாங்கள் கனவில்கூடக் கேட்டிராத கருவி.

கருவி வந்த நேரத்தில் கதை சுருங்கிவிட்டது. திருப்பூரில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும், சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர்களும் விடிய விடிய உட்கார முடியாது. 2000இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு. பாட்டோ இப்போது குழாய் ஸ்பீக்கரில்தான். ஆகவே பிறப்பு கொஞ்சம், பன்றி வேட்டை கொஞ்சம், படுகளம் என்று ஒரே ராத்திரியில், அதிலும் சாப்பாட்டுக்கும் பத்து மணிக்கும் நடுவில், முடிக்கச் சொல்கிறார்கள். குற்றம் யார் மேலும் இல்லை. வேலைக்குப் போகிறவன் தூங்க வேண்டும், பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. ஆனாலும் 50 மணி நேரத்துக்கு இடம் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரக் கதையைப் பிடித்து வரும்போது நெஞ்சு கனக்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. கூட்டத்தில் போன் பிடிக்காத கை இல்லை. எல்லாரும் பிடிக்கிறார்கள், யாரும் பாட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டுவதில்லை. ரெக்கார்டரில் பதிவான கோப்புக்கு எஸ்டிஇ-000 என்று பெயர், அடுத்தது 001. பேட்டரி கழற்றி நாளாகிவிட்டால் உள்ளிருக்கும் தேதியும் தவறிவிடும். பேனாவில் எழுத அட்டை இல்லாததால் நான் சிவப்பை அமுக்கியதும் முதல் காரியமாக ஊர், தேதி, பாடுகிறவர், பின்பாட்டு, கதையின் இடம் எல்லாவற்றையும் வாயால் சொல்லிப் பதிகிறேன். கருவி மாறினாலும், கார்டு மாறினாலும், கோப்பின் பெயரை யாராவது மாற்றினாலும் அந்தக் குரல் பாட்டோடு ஒட்டிக்கொண்டே போகும்.

பழைய பெரியவரின் மகன் இன்றும் பாடுகிறார். முழுக் கதையும் அவருக்குப் பாடம். “கேக்கறதுக்கு ஆளிருந்தாப் பதினெட்டு நாளும் பாடுவனுங்ண்ணா. ஆனா பொட்டிக்கு முன்னால தனியா உக்காந்து பாட வராதுங்க. பின்பாட்டுக்கு ஒருத்தர் வேணும், எதுத்தாப்புல நாலு பேராவது வேணும்” என்றார். அவர் சொல்வது நியாயம். பின்பாட்டு இல்லாமல் இந்தக் கதைக்கு மூச்சு விடும் இடமே கிடையாது.

அவருடைய தங்கச்சி மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். தாத்தாவோடு சின்ன வயதில் போய் வந்த பையன், பின்பாட்டு வரும். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. ஆகவே ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் வீட்டுத் திண்ணையில், ஒலிபெருக்கி இல்லாமல், பாட்டுப் பிடிக்கிறோம். அக்கம்பக்கத்துப் பாட்டிமார் வெற்றிலைப் பையோடு வந்து உட்கார்கிறார்கள். இடம் தவறினால் பாட்டுக்காரரையே திருத்துகிறார்கள், அதுவும் பதிவாகிறது. ஒவ்வொரு வாரமும் முடித்ததும் ஹெட்போனை முதலில் அவர் காதில் மாட்டுகிறேன். அப்பாவைப் போலவே விட்ட வரியைக் கண்டுபிடித்து அடுத்த வாரம் சேர்க்கிறார். பொன்னர் சங்கரின் அம்மா தாமரை நாச்சி பிள்ளைவரம் கேட்டுத் தவத்துக்குப் புறப்படும் இடம்வரை ஏறியிருக்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் நிறுத்திவிட்டு, தை நோன்பி முடிந்ததும் தொடர்வதாகப் பேச்சு. அதற்குள் இன்னொரு கார்டு வாங்கி, இதுவரை பிடித்ததை அதில் ஒரு பிரதி எடுத்து, பாட்டுக்காரர் வீட்டிலேயே கொடுத்துவைக்க வேண்டும்.