நாற்பத்தேழு நொடி மாயாவி

பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்க்கிற ஒருவர் வாய்த்தால், அவசரப்பட்டு மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். அவர் நல்லவர்தான். "சார், அந்த டம்ளரை இன்னொரு தரம் எடுங்க... மெதுவா... சுண்டுவிரல் கடைசியிலதான் மடங்குது, பார்த்தீங்களா?" என்பார். அவ்வளவுதான். பதினொரு வருடமாக வீட்டிலேயே உட்கார்ந்து இரும்புக்கை மாயாவியை அனிமேஷன் படமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பழைய காமிக்ஸ் வாசகர்கள் நாலு பேர் கூடினால் அதில் ஒருவர் இப்படி இருப்பார். அமெரிக்காவில் இவர் பிளாஷ் கார்டனை ராக்கெட்டில் ஏற்றிக்கொண்டிருப்பார், இங்கிலாந்தில் டான் டேரை வெள்ளிக் கிரகத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். நம்மூரில் மாயாவி.

மாயாவி நம்மூர்க்காரர் இல்லை என்பதை ஏற்கவே இவருக்கு வெகுகாலம் பிடித்தது. 1962-இல் 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவர், வரைந்த ஜீசஸ் பிளாஸ்கோ ஸ்பெயின்காரர் என்று யாராவது சொன்னால், பெண் வீட்டு ஜாதகத்தில் குற்றம் கண்டுபிடித்த மாதிரி முகம் சுருங்கும். இவரைப் பொறுத்தவரை மாயாவி பிறந்தது 1972-இல், சிவகாசியில், முத்து காமிக்ஸின் முதல் இதழாக. அதைப் படித்துவிட்டு, மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும் என்று நம்பி, எட்டு வயதில் பிளக் பாயின்ட்டில் விரலை விட்டவர். இவர் மறையவில்லை. அப்பாவின் கைதான் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வந்தது.

ஆளைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சிக்கனக் கணக்கு இருந்தது. சினிமாவுக்கு நொடிக்கு 24 பிரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் 12 படம் போதும். அப்படியும் ஒரு நிமிடத்துக்கு 720. மற்ற ஹீரோக்களுக்குத் தலை, மார்பு, தொப்பி, பறக்கும் அங்கி எல்லாவற்றையும் 720 தடவை வரைய வேண்டும். மாயாவியோ மின்சாரத்தைத் தொட்டதும் மறைந்துவிடுவார். மிஞ்சுவது ஒரு கை. "உலகத்திலேயே செலவு கம்மியான ஹீரோ சார்" என்று அன்றைக்கு நண்பர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

உடம்பிலேயே வரையச் சிரமமான உறுப்பு கைதான் என்பது டீ குடித்து முடித்த பிறகு தெரிந்தது. ஓவியம் படித்தவர்களே கேரக்டரின் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு மறைப்பார்கள். மிக்கி மவுஸுக்குக் கட்டைவிரலோடு சேர்த்து நாலே விரல், அதுவும் வேலையை மிச்சப்படுத்தத்தான். இங்கே ஐந்து விரல், ஒவ்வொன்றிலும் மூட்டு, மூட்டுக்கு மூட்டு இரும்புப் பட்டை, அதன்மேல் பளபளப்பு. ஒரு கோடு அடுத்த படத்தில் மயிரிழை நகர்ந்தாலும் திரையில் கை நடுங்கும். தொழில்காரர்கள் இதைக் கோடு கொதிக்கிறது என்பார்கள். இவருடைய மாயாவியின் கை முதல் இரண்டு வருடம் சாம்பார் மாதிரி கொதித்தது.

போதாக்குறைக்கு ஆனியன் ஸ்கின். முந்தைய படத்தை மங்கலாக அடியில் காட்டுகிற வசதிக்கு மென்பொருளில் அதுதான் பெயர். ராத்திரி பதினொரு மணிக்கு, "ஆனியன் ஸ்கின் போட மறந்துட்டேன், எல்லாம் போச்சு" என்று இவர் அலற, "குப்பைதானேங்க, காலையில போட்டுக்கலாம், படுங்க" என்று இவர் மனைவி உள்ளேயிருந்து சொன்னது வாசகர் வட்டத்தில் இன்றும் பிரசித்தம்.

வழி தேடியபோது மாக்ஸ் பிளைஷர் கிடைத்தார். ஆளை நடிக்கவைத்துப் படம்பிடித்து, அதன்மேல் பிரேம் பிரேமாகக் கோடு இழுக்கும் ரோட்டோஸ்கோப்புக்கு 1917-இல் காப்புரிமை வாங்கியவர். கோமாளி உடுப்பு மாட்டிக்கொண்டு நடித்தது அவருடைய தம்பி டேவ். இங்கிலாந்தில் டான் டேரை வரைந்த பிராங்க் ஹாம்ப்சன் பெற்ற அப்பாவையே போஸ் கொடுக்க வைத்தார். கலைக்குக் குடும்பத்தைப் பலி கொடுப்பது பெரியவர்கள் காட்டிய வழி என்று தெளிந்து, இவர் மச்சினனைக் கூப்பிட்டார்.

"ஒண்ணும் இல்ல மாப்ளே. கரண்டு கம்பியத் தொடுற மாதிரி தொட்டு, செவுத்துல ஊர்ந்து ஏறணும். கை மட்டும்தான்."

"முகம் வராதா அத்தான்?"

"வராது."

மச்சினனுக்கு அது பெரிய குறைதான். ஆனாலும் கையில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் கேன்மேல் போனைச் சாய்த்து, தன் நடிப்பைத் தானே ரசிக்க வசதியாக செல்பி கேமராவில் நடித்துக் கொடுத்தார். இரும்பு விரல் தரையில் தட்டும் ஓசைக்கு வீட்டு டபரா செட் போனது. மே மாதத்தில் ஃபேனை நிறுத்தி, போர்வைக்குள் புகுந்து ஒலிப்பதிவு. குரல் விஷயத்தில்தான் வாசகர் வட்டம் இரண்டாக உடைந்தது. இத்தனை வருடமாக ஒவ்வொருவர் தலைக்குள்ளும் மாயாவி ஒவ்வொரு குரலில் பேசியிருக்கிறார். இவர் தன் குரலில் பேசிக் காட்ட, "மாயாவிக்கு மூக்கடைப்பா?" என்று ஒருவர் கேட்டார். அதோடு மாயாவி ஊமையானார்.

எல்லாரையும்விடக் கூர்மையான கேள்வி வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. "சட்டை, பேன்ட்டெல்லாம் மறையுது, இரும்பு மட்டும் மறையலைங்கறீங்க. அப்ப பெல்ட் பக்கிள்?" மூன்று மாதம் வேலை நின்றது. கடைசியில் மாயாவி பெல்ட் போடுவதில்லை என்று முடிவாயிற்று.

உரிமைப் பிரச்சினை வராதா என்று கேட்டுப் பாருங்கள். மாயாவியின் உரிமை இன்றைக்கும் பிரிட்டனில் ஒரு கம்பெனியிடம் இருக்கிறது. "வியாபாரமா பண்றேன்? அன்பு சார்!" என்று சீறுவார். ஆனால் அந்த வக்கீல் நோட்டீஸுக்காக உள்ளூர ஏங்குகிறார் என்பது என் சந்தேகம். ஹாலில் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு சட்டம் மாட்டுகிற அளவுக்கு இடம் காலியாகவே இருக்கிறது.

பதினொரு வருடத்தில் 564 படம், அதாவது வாரத்துக்கு ஒன்று. ஆக 47 நொடி. இருபது நிமிடப் படத்துக்கு 14,400 வேண்டும். இந்த வேகத்தில் 280 வருடம் ஆகும். மாயாவிக்கு வயதாகாது என்பது ஒன்றுதான் சௌகரியம்.

போன மாதம் அந்த 47 நொடியை ஹால் டிவியில் திரையிட்டார். வாசகர் வட்டத்திலிருந்து பதினாறு பேர், கேசரி, பஜ்ஜி. மின்மாற்றியில் 'அபாயம் 440 வோல்ட்' பலகை. ஒரு நிழல் நெருங்குகிறது. தொடுகிறது. பொறி பறக்கிறது, நிழல் மறைகிறது, இரும்புக் கை மட்டும் பலகையைப் பிடித்துச் சுவரில் ஏறுகிறது. கோடு கொதிக்கவில்லை. நிஜமாகவே நன்றாக இருந்தது. எனக்கே எட்டு வயதான மாதிரி இருந்தது. கைதட்டல் அடங்கியதும் முதல் இதழை இன்னும் பாலிதீன் உறையில் வைத்திருக்கும் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, மாயாவிக்கு வலது கைதானே இரும்பு?"

திரையில் நின்றிருந்தது இடது கை. எல்லாரும் மச்சினனைப் பார்த்தோம். அவர் தன் செல்பி கேமராவைப் பார்த்தார்.

"ஒரே கிளிக்தான் அங்கிள், கண்ணாடி மாதிரி திருப்பிடலாம்" என்று ஒரு பையன் எழுந்து திருப்பினான். கை வலது கையாயிற்று. 'அபாயம்' பின்னாலிருந்து முன்னால் போயிற்று. பலகையும் கையும் தனித்தனி லேயராக இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம். லேயர் என்று ஒன்று இருப்பது தெரிவதற்கு முன்பே வரைந்த காட்சி அது.

கேசரித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மா, "இன்னும் ஒரு பதினொரு வருஷமா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. இவர் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயம். மனுஷன் அந்தப் பெரியவர் முன்னால் போய் மண்டிபோட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க வலது கையை இப்படிக் கொஞ்சம் நீட்டுங்க. மெதுவா மடக்குங்க... மெதுவா..."