மைக்ரான் மகாத்மியம்

கேரி பேக் வராத காலத்தைப் பொற்காலம் என்று எழுதுகிறவர்கள் யாரும் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் மீன் வாங்கி பஸ் ஏறியதில்லை. பனையோலைக் கூடையில் நாலு கூறு காரப்பொடி மீன் வாங்கி எண்ணூரில் ஏறினால், தண்டையார்பேட்டை வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் வேட்டியில் பாதிக் குழம்பு தயாராகியிருக்கும். கண்டக்டர் டிக்கெட்டுக்கு முன்னால் சாபத்தைக் கிழித்துக் கொடுப்பார்.

துணிப்பைக்கும் அப்போது பெரிய மரியாதை கிடையாது. தாம்பூலத்தோடு வந்த மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழும்பூரில் இறங்குகிறவன் பட்டிக்காட்டான் என்று சினிமாக்காரர்கள் தீர்ப்பே எழுதி வைத்திருந்தார்கள். அதனால் பளபளவென்று கைப்பிடி வைத்த கவர் வந்ததும் தமிழன் மஞ்சப்பையைப் பரணில் போட்டான். மானப் பிரச்சினை.

அந்தக் கைப்பிடிக் கவரைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடனில் செல்லோபிளாஸ்ட் கம்பெனியில் இருந்த ஸ்டென் குஸ்டாஃப் துலின். 1965-ல் அமெரிக்காவில் காப்புரிமையும் வாங்கினார்கள். காகிதப் பைக்காக மரத்தை வெட்டுகிறார்களே என்ற கவலையில் செய்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள் என்று நம்பினார் என்று அவருடைய மகன் பிற்பாடு சொன்னார். பாவம், மனுஷன் சொன்னதைக் கேட்டது நம் வீட்டுப் பெண்கள் மட்டும்தான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பெரிய கவர், அதன் வயிற்றுக்குள் நூறு சின்னக் கவர். ஜவுளிக்கடைக் கவர் பீரோவுக்கு, மளிகைக் கவர் கறிவேப்பிலைக்கு, கிழிந்த கவர் மழைநாளில் மாமனார் தலைக்கு. ஐ.நா. சபையில் பேச வேண்டிய விஷயம். கேவலம், கஞ்சத்தனம் என்று சொல்லிவிட்டார்கள்.

டெல்லிக்குப் பை மேல் கோபம் வந்தது 1999-ல். 20 மைக்ரானுக்கு மெல்லிய பை கூடாது, மறுசுழற்சிப் பையென்றால் 25. 2011-ல் அது 40 ஆனது, 2016-ல் 50, 2021 செப்டம்பரில் 75, 2022 டிசம்பர் கடைசியில் 120. தடை போடப் போட பை சதை போட்டது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மீன் அங்காடியில் அதை யார் அளப்பது? ஆய்வுக்கு வந்தவர் சம்பந்தி வீட்டுப் பட்டுப்புடவையைப் பார்ப்பதுபோல் இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, "ம்ஹூம், இது செல்லாது" என்பார். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்று மலையேறிப் போய் நின்றது நீலகிரி. 2000 வாக்கிலேயே அங்கே கலெக்டராக இருந்த சுப்ரியா சாகு கேரி பேக்குக்கு மூட்டை கட்டினார். சமவெளிக்கு அந்தக் குளிர் பிடிக்கவில்லை. 2002-ல் சட்டமன்றத்தில் பிளாஸ்டிக் தடை மசோதா வந்தது, தேர்வுக் குழுவுக்குப் போனது, போன பிள்ளை வீடு திரும்பவில்லை. அதே வருஷம் பங்களாதேஷ், வெள்ளத்தில் சாக்கடையை அடைத்தது பைதான் என்று கண்டு, நாடு முழுக்கத் தடை போட்டுவிட்டது.

நமக்கு 16 வருஷம் கழித்து ரோஷம் வந்தது. 2018 ஜூன் 5-ஆம் தேதி அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் 110-ஆவது விதியின் கீழ் அறிவித்தார். 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருள் கூடாது. கேரி பேக் எத்தனை மைக்ரானானாலும் கிடையாது. தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், தெர்மாகோல் தட்டு எல்லாம் அவுட். துணி மாதிரி மாறுவேடம் போட்டுத் திரிந்த நான்-வோவன் பையும் மாட்டிக்கொண்டது. பட்டியலில் பிளாஸ்டிக் கொடியும் இருந்தது. கட்சிக்காரர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட தடை என்பதால், அதைப் பக்தியோடு குறிப்பிட வேண்டும். கம்பெனி சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் 2020 ஜூன் வரை யாரும் தொடவில்லை. பாய் கடை முறுக்குக் கவருக்கு அந்த யோகம் இல்லை.

பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு என்றும் அந்த அறிவிப்பில் இருந்தது. எண்ணெய்க்கு விலக்கு என்பதை மணலி எண்ணெய் ஆலைப் பக்கம் தப்பாகப் படித்துவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சேர்ந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் இறங்கி, கொசஸ்தலை முகத்துவாரத்தில் படகு, வலை, நண்டு, அலையாத்தி வேர் எல்லாவற்றுக்கும் கறுப்புப் பூசியது. பாக்கெட் இல்லை, கவர் இல்லை, ஆகவே அபராதச் சீட்டுக்காரருக்கும் வேலை இல்லை. வாளியால் அள்ளினார்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதியபோதும் வாளிதான்.

மைக்ரான் பாடம் நெட்டுக்குப்பத்துக்குப் புதிதும் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பலும் புகையும் சூழ்ந்த ஊர் அது. பை 120 மைக்ரானுக்கு மேல் இருந்தால் டெல்லி உள்ளே விடும்; தூசு 2.5 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் யாரையும் கேட்காமல் நேரே நுரையீரலுக்குள் போய்விடும்.

2021 டிசம்பர் 23-ஆம் தேதி கலைவாணர் அரங்கத்தில் மு.க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அப்போது சுற்றுச்சூழல் துறைச் செயலாளர் யார் தெரியுமா? அதே சுப்ரியா சாகு. ஊட்டியிலிருந்து கோட்டைக்கு யோசனை இறங்கி வர இருபது வருஷம். மலை ரயிலே தேவலாம். அடுத்த வருஷம் கோயம்பேட்டில் இயந்திரம் வைத்தார்கள், பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை. பெட்டிக்கடையும் பஸ்ஸும் வாங்க மறுத்த பத்து ரூபாய் நாணயத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு போக்கிடம் கிடைத்தது.

இப்போது குப்பத்துக்கு மீன் வாங்க வருகிறவர்கள் கையில் மஞ்சப்பை உண்டு. ஆனால் அதில் வஞ்சிரத்தை நேரே போட எவருக்கும் மனசு வருவதில்லை.

"ஆயா, பையி நாறிடும். ஒரு கவரு குடேன்."

"கவரு குத்தா ஃபைன் போடறான் நைனா."

"அதான் மேல மஞ்சப்பை இருக்குல்ல. எவனுக்குத் தெரியப்போவுது?"

ஆயா தெருவை இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருக்கும் கோணியை லேசாகத் தூக்குகிறாள்.