கைநாட்டுக்கும் ஒரு சட்டம்

1830-இல் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜுக்குப் பேனா பிடிக்க முடியாத அளவுக்கு உடம்பு மோசமானது. கையெழுத்துக்குக் காத்திருந்த காகிதங்களோ குவிந்துகொண்டே போயின. நாடாளுமன்றம் யோசித்தது, சட்டம் போட்டது. இனி ராஜா எழுத வேண்டாம், முத்திரை குத்தினால் போதும்!

சும்மா குத்திவிட முடியுமா? ராஜாவின் கண்முன்னால் குத்த வேண்டும். அவரே வாய்திறந்து உத்தரவிட வேண்டும். காகிதத்தில் இருப்பது இன்னது என்று குறிப்பெழுதி, பெரிய பதவிக்காரர்கள் அதில் ஒப்பமிட வேண்டும். ஒரு கையெழுத்தை மிச்சம்பிடிக்கப் பல கையெழுத்துகள். அரசாங்கச் சிக்கனம் என்றால் இதுதான். சட்டம் வந்த சில வாரங்களில், ஜூன் 26 அன்று, ராஜாவே போய்ச் சேர்ந்தார்.

முத்திரையைச் சந்தேகப்படவும் காரணம் உண்டு. பழைய ராஜா எட்டாம் ஹென்றியின் கடைசிக் காலத்தில் அச்சை அழுத்தி, விழுந்த தடத்தில் மை தீட்டி அவர் கையெழுத்தை உண்டாக்கினார்கள். அதனால் அவரது உயிலைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் அதிபருக்காகக் கையெழுத்திட இயந்திரமே இருக்கிறது. 2011-இல் அதிபர் ஒபாமா பிரான்சில் இருக்க, வாஷிங்டனில் அது ஒரு மசோதாவைச் சட்டமாக்கியது. 2025-இல் டிரம்பின் வெள்ளை மாளிகை, அதிபர் படங்களின் வரிசையில் முந்தைய அதிபர் பைடன் படம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த இயந்திரம் கையெழுத்திடும் படத்தை மாட்டியது.

ராஜாவின் முத்திரைக்காவது சாட்சி இருந்தது. இயந்திரத்துக்கும் சாட்சி கேட்டு ஒரு சட்டம் எழுதுங்கள், கனவான்களே. அதிலாவது அதிபர் தன் கையால் ஒப்பமிடட்டும்.