முன்னாடி போறவன் முட்டாள்

செங்கோட்டையிலிருந்து புளியறைக்குச் சைக்கிள் மிதித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஆனி, ஆடியில் அந்த ரோட்டில் எதிரி மேடு இல்லை, காற்று. குற்றாலத்துக்குச் சாரலைக் கூட்டிவரும் அதே மேல்காற்று, ஆரியங்காவு கணவாய் வழியாக வந்து நேராக நம் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். மிதிக்க மிதிக்க வண்டி அதே மைல்கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்கும். உள்ளூர்ப் பையன்கள் இதற்கு என்றைக்கோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு அப்பாவியைப் புகழ்ந்து முன்னால் ஓட்டவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டியது.

ஐரோப்பாவில் இதே காரியத்தைக் கோட் சூட் போட்ட மேனேஜர்கள் வைத்துச் செய்கிறார்கள். பெயர், டீம் டாக்டிக்ஸ்.

விஷயம் இவ்வளவுதான். வேகமாகப் போகும் சைக்கிள்காரரின் சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. முன்னால் ஒருவர் கிழித்துக் கொடுத்தால், பின்னால் வருகிறவருக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். ஆகவே ஏழு பேர் டீமில் ஆறு பேர் நாள் முழுக்கக் காற்றோடு மல்லுக்கட்டுவார்கள். ஏழாமவர் கடைசி 200 மீட்டரில் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, பாய்ந்து, இரண்டு கையையும் தூக்குவார். போட்டோவில் அவர் மட்டும்தான் இருப்பார்.

தென்காசி, செங்கோட்டை, இலஞ்சிப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான டவுசருமாகப் புளியறை எஸ் வளைவு ஏறும் கோஷ்டிக்கு இதெல்லாம் அத்துப்படி. மாசி, பங்குனியில் குற்றாலத்து அருவி நூலாக இளைத்து, பாறை பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் அப்போதுதான் சைக்கிள் ரேஸ் சீசன் ஆரம்பம். பிப்ரவரி கடைசியில் ஓம்லூப், மார்ச்சில் மிலான்–சான் ரெமோ. இரண்டுமே சனிக்கிழமை நடக்கும். எனவே ஞாயிறு காலை எஸ் வளைவில் மூச்சு வாங்கியபடியே பஞ்சாயத்து களைகட்டும்.

சரி, இந்தப் போட்டிகளை யார் ஆரம்பித்தார்கள்? வீரத்தை வளர்க்க நினைத்த மகான்களா? அட, நீங்கள் வேறு. பத்திரிகைக்காரர்கள்!

1902-ல் 'லோட்டோ' என்ற பிரெஞ்சுப் பத்திரிகை விற்காமல் திண்டாடியது. ஆசிரியர் ஆன்ரி தெகிராஞ் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, கூட இருந்த இளைஞர் ஒருவர், "நாட்டையே சுற்றிவர சைக்கிள் போட்டி வைத்தால் என்ன?" என்றார். அப்படி 1903-ல் பிறந்ததுதான் டூர் டி ஃபிரான்ஸ். போட்டிப் பத்திரிகை அடுத்த வருஷமே இழுத்து மூடப்பட்டது. லோட்டோ மஞ்சள் பத்திரிகை. தப்பாக நினைக்காதீர்கள், அச்சடித்த தாள்தான் மஞ்சள்.

இத்தாலியில் அதே வேலையை 1907-ல் ரோஸ் கலர் தாளில் வரும் 'கஸெட்டா' செய்தது. அதுதான் மிலான்–சான் ரெமோ. பெல்ஜியத்தில் 'ஹெட் நியூஸ்பிளாட்' பத்திரிகையின் கோஷ்டி ஏற்கெனவே ஒரு பெரிய ரேஸ் வைத்திருந்தது. அதற்குப் போட்டியாக 'ஹெட் வோல்க்' பத்திரிகை 1945-ல் ஓம்லூப்பைத் தொடங்கியது. வைராக்கியம் என்றால் அது! 2009-ல் அந்தப் போட்டிக்கு என்ன பெயர் வந்தது தெரியுமா? ஓம்லூப் ஹெட் நியூஸ்பிளாட். யாரை ஒழிக்கத் தொடங்கினார்களோ, அவர்களே வாங்கிப் பெயரையும் மாட்டிவிட்டார்கள்.

1904-ம் வருஷத்தை நம் பக்கத்தில் மறக்க முடியாது. பகவதிபுரம் தாண்டி மலையைக் குடைந்து, செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் ரயில் ஓடத் தொடங்கிய வருஷம். பிரான்ஸிலும் அந்த வருஷம் ரயில் பிரபலம்தான். இரண்டாவது டூர் முடிந்து விசாரித்தால், ஆளாளுக்குக் காரிலும் ரயிலிலும் ஏறிப் போயிருக்கிறார்கள் என்று புகார்மேல் புகார். முதல் நான்கு இடக்காரர்களின் பெயரையும் அடித்துவிட்டு, ஐந்தாவதாக வந்த ஆன்ரி கோர்னேயைச் சாம்பியன் என்று அறிவித்தார்கள். வயது 19. ஒருவழியாக நேர்மை ஜெயித்தது என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளாதீர்கள். காரில் லிஃப்ட் வாங்கியதற்காக அந்தத் தம்பிக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு.

டீம் டாக்டிக்ஸ் என்பது ஏதோ கம்ப்யூட்டர் வந்த பிறகு கண்டுபிடித்தது என்று நம் கோஷ்டியிலேயே சிலர் நினைக்கிறார்கள். முதல் மிலான்–சான் ரெமோவைக் கேளுங்கள். 1907 ஏப்ரல் 14. சுமார் 290 கிலோமீட்டர். பியாங்கி கம்பெனிக்காக ஓட்டிய ஜியோவானி ஜெர்பிக்கு 'செஞ்சாத்தான்' என்று பட்டப்பெயர். சாத்தான் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனார். பின்னாலேயே குஸ்தாவ் காரிகூ என்ற பிரெஞ்சுக்காரர் வந்து ஒட்டிக்கொண்டார். ஜெர்பி என்ன செய்தார்? வேகத்தைக் குறைத்து, தன் கம்பெனியின் இன்னொரு ஆளான லூசியன் பெட்டி-பிரெட்டன் வந்து சேரட்டும் என்று காத்திருந்தார். கடைசி ஓட்டத்தில் காரிகூவை மறித்துக் குறுக்கே விழுந்தார். பெட்டி-பிரெட்டன் முதலிடம். ஜெர்பியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார்கள். முதல் நாள், முதல் ஷோவிலேயே இந்த லட்சணம்.

ஜெயித்த பெட்டி-பிரெட்டனின் பெயரும் அசல் இல்லை. இயற்பெயர் லூசியன் மஸான். அர்ஜென்டினாவில் வளர்ந்த பையன். முதல் சைக்கிள் லாட்டரியில் விழுந்தது. "சைக்கிளா? ஒழுங்கான உத்தியோகம் பாருடா" என்கிற ரகம் அப்பா. அவர் கண்ணில் மண்ணைத் தூவ 'லூசியன் பிரெட்டன்' என்று பெயரை மாற்றிக்கொண்டார். பார்த்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு சைக்கிள் வீரர் இருக்கிறார்! உடனே முன்னால் ஒரு 'சின்ன'வைச் சேர்த்து சின்ன பிரெட்டன் ஆனார். அந்தப் பொய்ப்பெயரில்தான் 1907, 1908 இரண்டு வருஷமும் டூர் டி ஃபிரான்ஸையும் ஜெயித்தார். அப்பாவிடமிருந்து ஒளிந்துகொள்ள இதைவிட மோசமான வழி கிடையாது.

அடுத்து 1910. மிலானுக்கும் கடலுக்கும் நடுவில் துர்கீனோ என்று ஒரு கணவாய். ஏப்ரல் மாதத்தில் அங்கே பனி கொட்டித் தீர்த்தது. 60-க்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். யூஜின் கிறிஸ்டோஃப் என்ற பிரெஞ்சுக்காரர் விரல் மடங்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் சரிந்துவிட்டார். வழியில் போன ஒருவர் அவரைச் சத்திரத்துக்குள் இழுத்துப்போய், துணியைக் கழற்றி, கம்பளியைச் சுற்றி உட்கார வைத்தார். ரேஸாவது ஒன்றாவது என்று படுத்திருக்கலாம். ஆனால் ஜன்னல் வழியே நாலு பேர் சேறும் சகதியுமாகப் போவது தெரிந்துவிட்டது. பொறுக்குமா? சத்திரத்தில் கிடைத்த முழுக்கால் பேன்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டி சான் ரெமோ வந்தால், அவர்தான் முதல் ஆள்! வழிநெடுக எல்லோரும் ஒவ்வொரு வீட்டு அடுப்பங்கரையில் ஒதுங்கிவிட்டார்கள். இரண்டாவதாக வந்த லூயிஜி கன்னா காரில் ஏறியதாகச் சொல்லி நீக்கப்பட்டார். கடைசிப் பட்டியலில் மிஞ்சியது மொத்தம் நான்கே பேர். கிறிஸ்டோஃபுக்குப் பரிசு, கைதட்டல், அப்புறம் ஒரு மாதம் ஆஸ்பத்திரிப் படுக்கை.

இத்தாலிக்காரர்களின் அசல் சோகம் அதற்கப்புறம்தான். 1953-க்குப் பிறகு சொந்த ஊர் ரேஸில் ஒரு இத்தாலியரும் ஜெயிக்கவில்லை. பெல்ஜியத்துக்காரர் வருவார், கடைசியில் பாய்வார், கப்பைத் தூக்கிக்கொண்டு போவார். அமைப்பாளர்கள் யோசித்தார்கள். கடைசியில் ஒரு மேட்டை வைத்தால் நம் பையன்கள் ஏறித் தப்பித்துவிடுவார்கள் அல்லவா? 1960-ல் போஜியோ மலையைப் பாதையில் சேர்த்தார்கள்.

மலை என்றால் பயந்துவிடாதீர்கள். 3.7 கிலோமீட்டர், சராசரி ஏற்றம் நாலு சதவீதம்கூட இல்லை. பாரம் ஏற்றிக்கொண்டு புளியறை எஸ் வளைவில் நாள் முழுக்க முக்கும் லாரி டிரைவர்களுக்கு அதைக் காட்டினால், "எங்கே மலை?" என்பார்கள். ஆனால் கால் இரண்டும் 280 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அது வருகிறது. அங்கேதான் சூட்சுமம். அந்தப் புது மேடு வந்த 1960-ல் ஜெயித்தவர் யார்? ரெனே பிரிவா, பிரெஞ்சுக்காரர். அடுத்த வருஷம் பூலிடோர், அவரும் பிரெஞ்சுக்காரர். இத்தாலிக்காரர் ஒருவர் ஜெயிக்க 1970 ஆயிற்று. அதற்குள் மெர்க்ஸ் என்ற பெல்ஜியத்து மகாராஜா மூன்று முறை அள்ளிவிட்டார். பிறகு இன்னும் நான்கு.

"அப்படியானால் தனியாகப் போய் ஜெயிக்கவே முடியாதா?" என்று கேட்கலாம். முடியும். அதற்கு நீங்கள் ஃபாஸ்டோ கோப்பியாகப் பிறக்க வேண்டும். யுத்தம் முடிந்து 1946-ல் நடந்த மிலான்–சான் ரெமோவில், இரண்டாவதாக வந்தவரை 14 நிமிஷம் பின்தள்ளினார். ரேடியோவில் முதலிடம் கோப்பி என்று சொல்லிவிட்டு, இரண்டாவது ஆள் வரும்வரை நடன இசை போட்டார்கள் என்பது அந்த நாட்டில் பாட்டிகள்கூடச் சொல்லும் கதை.

அந்தக் கோப்பிக்கும் முன்னால் காற்று வாங்க ஆள் படை இருந்தது. அதில் அந்திரேயா கரேயா விசேஷமானவர். 1952 டூரில் ஒருநாள், ஓடிப்போன ஒரு கோஷ்டியைக் கண்காணிக்க அவரும் கூடவே போனார். முடிவில் கணக்குப் பார்த்தால், மொத்தத்தில் முன்னணியில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்ஸி அவருக்கு! உலகத்தில் எந்தச் சைக்கிள்காரரும் குதித்திருப்பார். கரேயா அழுதார். தலைவர் என்ன நினைப்பாரோ! தலைவர் ஊரில் இல்லாதபோது அவர் நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில் தொற்றிக்கொள்ளும் மாவட்டச் செயலாளரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே முகம். மறுநாளே கோப்பி மஞ்சள் ஜெர்ஸியை வாங்கிக்கொண்டார், கரேயாவுக்கு உயிர் வந்தது.

இவ்வளவு பெரிய கோப்பியைச் சாய்த்தது யார்? அவரேதான். 1948 உலகச் சாம்பியன் போட்டி, ஹாலந்தில். கோப்பியும் ஜினோ பார்தலியும் ஒரே இத்தாலி டீம். பார்தலி போனால் கோப்பி போவார், கோப்பி நின்றால் பார்தலி நிற்பார். 'நான் ஜெயிக்காவிட்டால் பரவாயில்லை, அவன் ஜெயிக்கக் கூடாது' என்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டே பின்தங்கி, கடைசியில் இரண்டு பேரும் போட்டியை விட்டே விலகிவிட்டார்கள். ஊருக்கு வந்தால் சங்கம் இருவரையும் சஸ்பெண்ட் செய்தது. அந்த டீமில் முழு ஒற்றுமையோடு நடந்த ஒரே காரியம் அந்த விலகல்தான்.

2004 சான் ரெமோவையும் சொல்லிவிடுகிறேன். எரிக் சாபெல் என்ற ஜெர்மானியர் ஏற்கெனவே நான்கு முறை அங்கே ஜெயித்தவர். கோட்டுக்கு முன்னால் முந்திவிட்டார். போட்டோகிராபர்கள் காத்திருக்கிறார்கள். இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். பக்கத்தில் ஆஸ்கர் ஃப்ரெய்ரே என்ற ஸ்பெயின்காரர் கையைத் தூக்கவில்லை, சைக்கிளை முன்னால் தள்ளினார். அவ்வளவுதான். சாபெலுக்கு அருமையான போட்டோ கிடைத்தது, ஃப்ரெய்ரேக்குக் கப்.

ஆனால் எஸ் வளைவுக் கோஷ்டி இன்றும் தீர்ப்புச் சொல்ல முடியாமல் தவிப்பது 2015 ஓம்லூப்புக்குத்தான். டீக்கடை பெஞ்சில் நாலு கிளாஸை வரிசையாக வைத்து இதை விளக்குவார்கள். மூன்று கிளாஸ் எட்டிக்ஸ்–குயிக்ஸ்டெப் டீம்: டாம் பூனன், நிக்கி டெர்ப்ஸ்ட்ரா, ஸ்டைன் வாண்டன்பெர்க். கல் பாவிய பெல்ஜியத்து ரோடுகள் அவர்களுக்குக் கொல்லைப்புறம். நாலாவது கிளாஸ் ஸ்கை டீமின் இயன் ஸ்டானர்ட், இங்கிலாந்துக்காரர், ஒண்டிக்கட்டை. மற்றவர்கள் எல்லாம் பின்னால் எங்கோ.

"மூணு பேரு ஒரே கம்பெனி, எதிர்ல ஒத்த ஆளு. இதுல என்னல பேச இருக்கு?" என்பார் டீ ஆற்றியபடியே கடை அண்ணாச்சி.

"அங்கதான அண்ணாச்சி வெசயமே!"

ஸ்டானர்ட் செய்த முதல் புத்திசாலித்தனம், ஒன்றும் செய்யாதது. 'நீங்கள் மூன்று பேர், நான் ஒருத்தன், நான் எதற்கு முன்னால் வர வேண்டும்?' என்று பின்னால் ஒட்டிக்கொண்டார். மூவரும் மாற்றி மாற்றிக் காற்றைக் கிழிக்க, அவர் டாக்ஸியில் வருகிற மாதிரி வந்தார். மீட்டருக்குக் காசுகூடக் கொடுக்கவில்லை.

கடைசி சில கிலோமீட்டர். பாடப்புத்தகப்படி மூவரும் ஒருவர் பின் ஒருவராகத் தாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் துரத்துகிற வேலை ஸ்டானர்டுக்கு. மூன்றாவது அடியில் அவர் கால் கழன்றுவிடும். முதலில் பாய்ந்தது பூனன். பாரிஸ்–ரூபே ரேஸை நான்கு முறை, ஃபிளாண்டர்ஸ் ரேஸை மூன்று முறை ஜெயித்த மகாராஜா. வீட்டு அலமாரியில் இல்லாத உள்ளூர்ப் பெரிய கப் இந்த ஓம்லூப்.

இங்கே ஒரு கிளாஸ் நகரும், கோஷ்டி இரண்டாகும். "பூனன எதுக்கு மொதல்ல அனுப்பணும்? டெர்ப்ஸ்ட்ராவ அனுப்பியிருக்கணும்!" "ஏ, பெரிய ஆளுக்கு ஆசை இருக்காதாடே?"

ஸ்டானர்ட் பூனனைப் பிடித்தார். டெர்ப்ஸ்ட்ரா பாய்ந்தார், அவரையும் பிடித்தார். பிறகு யாரும் எதிர்பாராதபடி, துரத்தித் துரத்திச் செத்திருக்க வேண்டிய மனிதர் தானே பாய்ந்தார். பூனனும் வாண்டன்பெர்க்கும் கழன்று விழுந்தார்கள். டெர்ப்ஸ்ட்ரா மட்டும் ஒட்டிக்கொண்டார். கோட்டருகே ஸ்டானர்ட் அவரையும் முந்தினார். மிருக பலம் என்று சிலர், முட்டாள் டாக்டிக்ஸ் என்று சிலர். என் ஓட்டு இரண்டாவதற்கு. மூன்று ராஜாக்கள் இருந்த வண்டியில் கூலியாக இருக்க ஒருவரும் இல்லை.

இரண்டாம் இடம், மூன்றாம் இடம், நான்காம் இடம், மூன்றும் எட்டிக்ஸ்–குயிக்ஸ்டெப். எக்செல் ஷீட்டில் போட்டால் அமோகமான நாள். மேடையில் மூன்று பேருக்குத்தான் இடம் என்பதால் வாண்டன்பெர்க் அங்கேயும் ஏற முடியவில்லை.