மண்ணெண்ணெய்க் காரோட்டிக்கு ஒரு மின்சாரக் கடிதம்

ஒஸ்லோ,
தை மாதம்.

அன்புள்ள குஞ்சியப்புவுக்கு,

வெளியே மைனஸ் 18. தம்பி மின்சாரக் கார் எடுக்கப் போகிறான் என்றதும் நீங்கள் சாப்பிடாமல் சத்தியாக்கிரகம் இருக்கிறீர்களாம். குஞ்சியாச்சி சொன்னா. "குளிருக்கு ஸ்டார்ட் வராது, நித்திரையில் கிடக்கப் பத்தி எரியும்" என்று இரண்டு குற்றச்சாட்டு. யாழ்ப்பாணத்தில் குளிருக்குக் கார் நின்ற கதை நான் கேட்டதில்லை. என்றாலும் பதில் சொல்லாமல் விடமாட்டீர்கள்.

2024 இல் இங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரம். குளிரில் ஓட்டம் குறையும் என்பது மெய்தான். கோடையில் 400 கிலோமீற்றர் போகிற என் கார் இப்போது 280 இல் மூச்சு வாங்குது. பற்றறிக்குள் இருக்கிற திரவம் மார்கழித் தேங்காயெண்ணெய் மாதிரி மந்தமாகிவிடும். மற்றக் காரணம் நாங்கள். பெற்றோல் எஞ்சின் குடிக்கிற எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்கைச் சூடாக்கியே வீணடிக்கும். அந்த வீண் சூட்டில்தான் இவ்வளவு காலமும் கைகால் காய்ச்சினோம். மின் மோட்டர் கஞ்சன், அவ்வளவாக வீணடிக்காது. சூட்டுக்கும் பற்றறியிடம்தான் கைநீட்ட வேண்டும். பின்சீற்றில் மாமியார் இருந்தால் 24 பாகைக்குக் குறையக் கூடாது. சூட்டுக்கு எவ்வளவு செலவு என்று திரை காட்டும். நான் வாசித்துக் காட்டுவதில்லை.

குளிர்ந்த பற்றறிக்குள் மின்சாரத்தை வேகமாகத் திணித்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து பழுதாக்கும். அதனால் கார் தானே கடிவாளம் போடும். சார்ஜருக்குப் போகிற வழியிலேயே பற்றறியைச் சூடாக்கிவிட வேண்டும். 2024 தையில் சிக்காகோவில் சார்ஜர் வாசலில் வரிசையாய்ச் செத்துக் கிடந்த கார்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத்தானே நீங்கள் வெருண்டது? அதே மாதம் இங்கேயும் கடுங்குளிர். வீதியில் நின்ற கார்களை மீட்கிற வைக்கிங் கம்பனிக்கு வந்த அழைப்புகளில் 100 க்கு 13 தான் மின்சாரக் கார். அப்போது ஓடிய கார்களிலோ நாலில் ஒன்றுக்குக் கிட்ட மின்சாரம். மிச்சமெல்லாம் உங்கள் கட்சி.

இனி நெருப்பு. 2020 இல் ஸ்தவாங்கர் விமான நிலையத் தரிப்பிடத்தில் நூற்றுக்கணக்கான கார்கள் எரிந்தன. மின்சாரக் கார்தான் என்று பலர் உடனே தீர்ப்புச் சொன்னார்கள். விசாரித்தால், முதலில் பற்றியது ஒரு பழைய டீசல் கார். ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன்: மின்சாரக் கார் எரிவது குறைவு, எரிந்தால் லேசில் அணையாது. அணைந்தது என்று நினைத்த பற்றறி மறுபடி பற்றும். சில இடங்களில் காரையே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குகிறார்கள்.

இதையெல்லாம் யார் கேட்கிறது? யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை இருந்த காலத்தில் காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மிச்சத் தூரமெல்லாம் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் காரைக் கொடிகாமம் மட்டும் ஓட்டினவர். பின்சீற்றில் மண்ணெண்ணெய்க் கான், ஸ்டியறிங்குக்கு மேலே வாயில் சுருட்டு! அவர் இப்போது தம்பிக்குத் தீ பற்றி வகுப்பு எடுக்கிறார்.

என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது கதவுக்கு. என் காரின் கைபிடி கதவோடு மட்டமாய்ப் பதிந்து கிடக்கும். உறைபனி மூடினால் வெளியே வராது. ஓரத்தை முஷ்டியால் குத்தி, ஐஸ் உடைந்து விழ, நகத்தால் நெம்பித்தான் இழுக்க வேண்டும். பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் நான் காரோடு சண்டை என்று நினைத்திருப்பார். உள்ளேயிருந்து திறக்கப் பொத்தான். மின்சாரம் செத்தால் சில கார்களில் பொத்தானும் சாகும். கையால் திறக்கிற கொளுக்கி எங்கேயோ மறைவில் இருக்கும், பின்சீற்றில் தேடத்தான் வேண்டும். விபத்து நேரத்தில் அதைத் தேட முடியுமோ? தம்பி விலை பேச முதல் குஞ்சியாச்சியைப் பின்னால் இருத்தி, பொத்தானைத் தொடாமல் இறங்கச் சொல்லட்டும். இறங்கினால் மட்டும் காசைக் கட்டச் சொல்லுங்கோ.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகன்.

பி.கு.: ஒஸ்ரினைப் பழைய இரும்புக்குக் கொடுக்க விடாதேயுங்கோ. கரண்ட் இல்லாத நாளில் தம்பி உங்களிடம்தான் வருவான்.