பொறுங்கோ, இருக்கு!

திருகோணமலை பஸ் ஸ்டாண்டில் நின்று, யாரையும் பாராமல், "ஒரு பேனை இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் பெடியன் பொக்கெற்றைத் தடவிவிட்டு உதட்டைப் பிதுக்குவான். கொண்டக்டர் காதுக்கு மேல் செருகிய பேனையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுவார். பதில் வருவது நீங்கள் எதிர்பாராத பக்கத்திலிருந்து: "பொறுங்கோ, இருக்கு."

அறுபதைத் தாண்டிய ஒருவர். நெஞ்சுக்குக் குறுக்கே வார் போட்ட கறுப்புக் கன்வஸ் பை. சிப்பின் இழுவை எப்போதோ உடைந்து, அந்த இடத்தில் ஒரு திறப்பு வளையம் தொங்கும். உங்கள் கேள்வி முடிவதற்குள் அவருடைய கை பைக்குள் முழங்கை வரை போயிருக்கும்.

பேனை வரும். மூடி வராது. "எழுதிப்போட்டுத் தாங்கோ தம்பி, மூடி என்னட்ட இருக்கட்டும்." மூடி இல்லாத பேனையைச் சேட் பொக்கெற்றில் போட்டுக்கொண்டு எவனும் பஸ் ஏறமாட்டான் என்பது அவருடைய நிதிக் கொள்கை. மத்திய வங்கி எத்தனையோ கொள்கைகளை மாற்றிப் பார்த்துவிட்டது, இது மாறவில்லை.

அவருக்குப் பெயர் வேண்டாம். உவர்மலையில் ஒருவர் இருக்கிறார், மனையாவெளியில் ஒருவர், திருக்கடலூரில் இரண்டு பேர், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நான் பை மாமா என்று சொல்வது இந்த இனத்தை. கிண்ணியாப் பக்கம் போனால் பை நானா. கோணேசர் கோயில் வாசலில் ஆண்கள் சேட்டைக் கழற்றுகிற இடத்தில் இவரைச் சுலபமாக அடையாளம் காணலாம். சேட் கழலும், பை கழலாது. திருநீறு மடிக்கக் கடதாசித் துண்டு தேடுகிறவர்களுக்குச் சந்நிதியிலும் சேவை உண்டு.

அந்தப் பைக்குள் இருப்பதை முழுதாகக் கண்டவர் எவரும் இல்லை, மாமி உட்பட. அவ்வப்போது வெளியே வந்தவற்றை வைத்துத்தான் பேசலாம். பழைய கமெராப் பிலிம் சுருள் வரும் கறுப்பு டப்பி ஒன்று. அதற்குள் பத்து ரூபாய்க் குற்றிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சத்தமில்லாமல் அடுக்கியிருக்கும். மிச்சக் காசை டிக்கெற்றின் பின்பக்கம் எழுதித் தந்துவிட்டு மறந்துபோகும் கொண்டக்டர்மாருக்கு எதிராக இந்த ஊரில் எழுந்த ஒரே ஆயுதம் அந்த டப்பிதான். பிறகு, மட்டையில் சுற்றிய கறுப்பு நூலும் வெள்ளை நூலும், அதிலேயே குத்திய இரண்டு ஊசி. சித்தாலேப. பனடோல். ஒரு முழத் தங்கூசி. வலைக்கல்ல, செருப்பு வார் அறுந்தால் தைக்க. கைநாட்டு வைக்கும் ஆச்சிமாருக்காக ஒரு மைப்பெட்டி. மைப்பெட்டி இருந்தால் விரல் துடைக்கத் துணி வேண்டுமல்லவா, அதுவும். துணி இருந்தால் அதைச் சுற்றி வைக்க ஒரு சொப்பிங் பாக். இப்படி ஒரு சாமான் இன்னொரு சாமானைப் பெற்றுக்கொண்டே போகும், குடும்பக்கட்டுப்பாடு கிடையாது.

ஊக்கு தனி இலாகா. கலியாண வீட்டில் சீலைத் தலைப்பு சரிந்த பெண்கள் மாமியைத் தேடி வருவார்கள், மாமி கண்ணால் மாமாவைக் காட்டுவா. மாமா ஒரு ஊக்கை எடுத்து, மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நீட்டுவார். நியூயோர்க்கில் வால்டர் ஹண்ட் என்றொருவர் 1849-இல் இந்த ஊக்கைக் கண்டுபிடித்து, பதினைந்து டொலர் கடனைத் தீர்ப்பதற்காக அதன் உரிமையை நானூறு டொலருக்கு விற்றுவிட்டார் என்று சொல்வார்கள். இதை ஒருமுறை மாமாவிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "குடுத்தவன் திருப்பி வாங்கியிருக்க வேணும்" என்றார். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் மண்டப வாசலில் நின்று ஊக்குகளைத் திருப்பி எண்ணி வாங்குகிறவரிடம் வேறென்ன எதிர்பார்க்கலாம்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு என்னிடம் ஒரு கணிப்பு உண்டு. இவர்களின் பாட்டன்மார் மடியில் வட்டுவப்பை வைத்திருந்தவர்கள். வெற்றிலை, பாக்கு, பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், புகையிலைத் துண்டு. தகப்பன்மாரில் பலர் வெள்ளைக்காரனின் டொக்யார்ட்டில் வேலை பார்த்தவர்கள். 1957-இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறியது. கடற்படை போனது, ஸ்ரோர் கணக்கு போகவில்லை. ஆணி ஒன்று வெளியே போனாலும் ஒரு கையெழுத்து என்ற அந்த ஒழுங்கும் வட்டுவப்பையும் கூடிப் பெற்ற பிள்ளைதான் இந்தக் கன்வஸ் பை.

இன்னும் பின்னால் போகலாம். 1991-இல் ஆஸ்திரிய–இத்தாலிய எல்லையில் அல்ப்ஸ் பனிக்குள்ளிருந்து ஒரு மனிதனின் உடலை எடுத்தார்கள். ஐயாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தியவன், ஊட்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இடுப்பில் ஒரு சின்னப் பை. அதில் கல்லுச் சுரண்டி, எலும்பு ஊசி, நெருப்புப் பற்றவைக்கும் காளான். தணலை இலையில் பொதிந்து மரப்பட்டைப் பெட்டிக்குள் காவியிருக்கிறான். அவன் செத்தது முதுகுப் பக்கமாக வந்த அம்பினால். எல்லாம் வைத்திருந்தும் என்ன பிரயோசனம் என்று நான் கேட்டேன். "பை இருந்தபடியாத்தானே அவன் என்ன ஆளெண்டு இண்டைக்குத் தெரியுது" என்றார் மாமா, ஏதோ சொந்தக்காரனைப் பற்றிச் சொல்கிற குரலில்.

யுத்த காலத்தில் இந்தப் பையோடு நடமாடியது சாதாரண காரியமில்லை. தெருவுக்கொரு சோதனைச்சாவடி, பஸ்ஸால் இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடை. மற்றவர்கள் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போவார்கள். மாமா ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து அதன் உபயோகத்தையும் விளக்குவார். பின்னால் நிற்கிற சனம் அவருடைய மூதாதையரைப் பற்றி முணுமுணுக்கும்.

வில்லங்கம் டோச் லைட்டால் வந்தது. பைக்குள் பொத்தான் தானாக அமுங்கி எரிந்து செல் தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு செல்லில் ஒன்றைத் தலைகீழாகப் போட்டு வைப்பது மாமாவின் வழக்கம். பழைய ஆட்கள் பலருக்கும் தெரிந்த தந்திரம்தான். வடக்கே பற்றரி கொண்டுபோகவே தடை இருந்த தொண்ணூறுகளில், ஆமிக்காரப் பெடியன் ஒருவன் அந்த டோச்சை எடுத்துப் பொத்தானை அமத்தினான். எரியவில்லை. மீண்டும் அமத்தினான். எரியாத டோச்சுக்குள் என்ன இருக்கும் என்ற கேள்வி அந்த முகத்தில் ஓடியது. டோச்சை மெதுவாக மணல்மூட்டைக்கு மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். வரிசையும் போனது. மாமா மட்டும் சிங்களம் பாதி, தமிழ் பாதி, கைப்பாஷை மீதியாகச் செல்லைப் புரட்டிப் போடும் விஞ்ஞானத்தை விளக்கிக்கொண்டு நின்றார். கடைசியில் அவரையே திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்தார், புரட்டினார், அமத்தினார். பட்டப்பகலில் டோச் எரிந்தது. அந்தப் பெடியனின் சட்டையில் ஒரு பொத்தான் நூலில் ஆடிக்கொண்டிருந்ததை மாமா அப்போதுதான் கண்டார். ஊசியும் நூலும் மேசையிலேயே கிடந்தன. அதற்குப் பிறகு அந்தச் சாவடியில் அவருடைய பையைத் திறக்கச் சொன்னதில்லை. மாமா அடகு எதுவும் கேட்காமல் சாமான் கொடுத்த ஒரே இடமும் அதுதான்.

பத்திரங்களின் பிரதிகளை அவர் எங்கே வைக்கிறார் என்று சொல்ல வேண்டும். அங்கர் பால்மாப் பக்கெற்றைக் கழுவிக் காயவைத்து, ஒரு பக்கம் வெட்டி, மடித்துத் தைத்த உறை. உள்ளே வெள்ளி மினுங்கும், வாடைக்காற்று மழையில் ஒரு சொட்டு இறங்காது. அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, பாஸ்போட் அளவுப் படங்கள், தனக்கு மட்டுமல்ல, மாமிக்கும் பிள்ளைகளுக்கும். இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கரையில் உயிர் தப்பியவர்கள், தாங்கள் யார் என்று காட்டக் காகிதம் இல்லாமல் அலைந்ததைக் கண்டவர்கள் அவ்வளவாகச் சிரிப்பதில்லை.

ஆனால் மான் இதையெல்லாம் யோசிக்காது. எங்கள் ஊரில் புள்ளிமான்கள் கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் தெருவிலும் திரியும். சோற்றுப் பார்சல் மணத்தால் பைக்குள்ளேயே தலையை விடும். ஒருநாள் டச்சுக்குடாவில் மாமா பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கச்சான் உரித்துக்கொண்டிருக்க, ஒரு பெட்டைமான் பால்மா உறையை இழுத்து, வெளியே விழுந்த பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியை நிதானமாகத் தின்றது. பார்த்தவர்கள் ஓடி வந்தார்கள். மாமா எழும்பவில்லை. "தின்னட்டும், இன்னொண்டு இருக்கு."

கைத்தொலைபேசி வந்த பிறகு அவருக்குக் கெட்ட காலம். டோச், கல்குலேற்றர், மணிக்கூடு, டயறி எல்லாவற்றையும் அது விழுங்கிவிட்டது. அதற்கு மேலே பாலங்கள். முந்தி மூதூருக்குத் தரைவழியாகப் போவதென்றால் துறைக்குத் துறை இறங்கிப் பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற இடத்தில்தான் சனத்துக்குத் தலையிடி வரும், பிள்ளைக்கு வாந்தி வரும், செருப்பு அறும். 2009-இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். பஸ் சத்தமில்லாமல் அக்கரைக்குப் போய்விடுகிறது. ஊருக்கு நன்மை, மாமாவுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. அவர் காசு வாங்குவதில்லை, உண்மைதான். அவர் வாங்குவது வேறு: அந்த ஒரு கணத்தில் நம் முகத்தில் வருகிற வெளிச்சம். அது வராத நாளில் மனிதர் வாடிப்போய் வீட்டுக்கு வருவார். "இண்டைக்கு ஒண்டும் நடக்கேல்ல" என்று மாமியிடம் சொல்வார். மற்றவர்கள் நிம்மதியோடு சொல்கிற வசனம் அது.

2022 அவரை மீட்டது. மார்ச் மாதக் கடைசி நாளில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. தொலைபேசிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின. மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, தலைகீழ்ச் செல் போட்ட டோச், எல்லாம் ஒரே இரவில் பதவிக்குத் திரும்பின. யூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது, அதை அச்சடித்து லமினேற் பண்ணி முதல்நாளே கழுத்தில் மாட்டியிருந்தவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. அவரிடம் மோட்டார் சைக்கிள் கிடையாது. அது மருமகனின் அட்டை.

ஒரு இடத்துக்கு மட்டும் அவரைப் பையோடு அனுப்பக் கூடாது என்று குடும்பத்தில் தீர்மானம் உண்டு: ஆஸ்பத்திரி. ஒருமுறை, பார்க்கப்போன நோயாளி தண்ணீர் குடிக்க ஸ்ட்ரோ கேட்டிருக்கிறார். மாமா தேடுகிற அவசரத்தில் கட்டில் விளிம்பில் முதலில் வந்தது கர்ப்பூரம், பிறகு ஒரு பொதி பஞ்சு, பிறகு வெள்ளைத் துணி. ஸ்ட்ரோவும் வந்தது. அதற்குள் நோயாளி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அவர் சுகமாகி வீட்டுக்கு வந்து நன்றாகத்தான் இருக்கிறார், மாமாவைக் கண்டால் மட்டும் மற்ற ஒழுங்கையால் போவார்.

போன ஆடி மாதம் ரொறன்ரோவிலிருந்து பெறாமகன் வந்தான். அவனிடமும் ஒரு பை, உள்ளங்கை அளவுதான். அதற்குள் மடக்குக் குறடு ஒன்று: கத்தி, ரம்பம், திருப்புளி, போத்தல் திறப்பான், சுண்டுவிரல் அளவில் ஒரு கத்தரிக்கோல். அங்கே இப்படிச் சாமான் காவுவதே ஒரு பொழுதுபோக்காம்; மேசையில் அழகாக அடுக்கிப் படம் எடுத்து ஒருவருக்கொருவர் காட்டுவார்களாம். மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு அலகாக விரித்துப் பார்த்தார்.

"இதில ஊசி எங்க?"

"ஊசி இல்லைப் பெரியப்பா."

"சுண்ணாம்பு வைக்க?"

"நீங்கள் வெத்திலை போடுறேல்லையே."

"கேக்கிற ஆக்களுக்கு."

போகும்போது பெடியன் அதை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனான். மாமா அன்றிரவே அதில் நூல் கட்டி, துண்டுக் கடதாசியில் இலக்கம் போட்டு, ஸ்ரோரில் ஏற்றிவிட்டார். பேனைக்கு மூடி போதும். இவ்வளவு விலைப்பட்ட சாமானுக்கு மூடி காணாது என்பதால் அடகு முறையிலும் திருத்தம் வந்திருக்கிறது. நேற்று உட்துறைமுக வீதியில் ஒரு பெடியன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, அந்தக் குறட்டால் செயின் மாட்டிக்கொண்டிருந்தான், வெயிலில் ஒரு காலை மற்றக் காலின் மேல் வைத்தபடி. அவனுடைய இடது செருப்பு மதில் நிழலில் இருந்த மாமாவின் பைக்குள் இருந்தது.