பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் புதுக் கார் வாங்குவது எப்படி?

முதலில் பழைய காரைக் கரித்துக்கொட்டப் பழக வேண்டும். 2009-ல் நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அதே கார்தான். மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். காலையில் சாவியைத் திருப்பும்போதே, "பெட்ரோலைத் தண்ணியா குடிக்குது" என்று வீட்டில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

மைலேஜை அளக்க வழி ஒன்று உண்டு. டேங்க்கை நிரப்பி, முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி நிரப்பி, விழுந்த லிட்டரால் வகுப்பது. அதை மட்டும் செய்யாதீர்கள், உண்மை தெரிந்துவிடும். ஏர் ஃபில்டரை மாற்றி டயருக்குச் சரியாகக் காற்று வைத்தால் கொஞ்சம் கூடும் என்பார் மெக்கானிக். ஆகவே ஒரு மாதம் ஷெட் பக்கமே தலைவைக்க வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஏ.சி. போட்டுக்கொண்டு கத்திப்பாராவில் நின்று, '12 தான் கொடுக்குது' என்று முடிவு கட்டுங்கள்.

அரசாங்கமும் கைகொடுக்கும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் உள்ள எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் அடிவாங்கத்தான் செய்யும். புது வண்டிக்கும் அதே பம்ப்தானே என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுங்கள். 15 வயதான காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனதை அடிக்கடி சொல்லுங்கள். அது ஐந்து வருஷத்துக்கு என்பதை விட்டுவிடலாம்.

அடுத்தது எக்ஸ்சேஞ்ச். ஷோரூமிலிருந்து விலை மதிக்க ஒரு தம்பி வருவார். பானெட்டை விரல் முட்டியால் தட்டுவார். கதவோரத்து ரப்பர் பீடிங்கைச் சற்றே இழுத்து, உள்ளே வெல்டிங் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பார். ஒன்றும் பேச மாட்டார். நாக்கால் ஒரு 'த்ச்'. அந்த ஒரு 'த்ச்'சுக்குப் பத்தாயிரம் போச்சு. எனக்கு மூன்று 'த்ச்' விழுந்து, 80,000-ல் வந்து நின்றது. நானும் தலையாட்டினேன். அந்த நேரத்தில் எல்லாரும் ஆட்டுவார்கள்.

வீட்டில் கணக்குப் போடும் ஆள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து புக்கிங் செய்வது நல்லது. என் விஷயத்தில் அது தவறிவிட்டது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் மனைவி எழுத ஆரம்பித்தாள்.

"ஏங்க, மாசம் எவ்வளவு ஓட்டுறோம்?"

"எண்ணூறு கிலோமீட்டர்."

லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் பழைய காருக்கு ஏறக்குறைய 6,700. லிட்டருக்கு 20 கொடுக்கும் புதுசுக்கு 4,000. மிச்சம் 2,700. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அந்த 20 என்பது ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி அளந்த கணக்கு, நம் ரோட்டில் 16 வந்தால் பெரிசு, அப்போது மிச்சம் 1,700-க்குள்தான் என்று நானாகச் சொல்வேனா?

அவள் விடவில்லை. 7 லட்சம் கடன், 9 சதவீதம், ஐந்து வருஷம். தவணை மாதம் 14,530. வட்டி மட்டும் ஒரு லட்சத்து 72 ஆயிரத்தை ஒட்டி வருகிறது. ஐந்து வருஷத்தில் மிச்சமாகும் பெட்ரோலோ, உருளைக் கணக்கிலேயே ஒரு லட்சத்து அறுபதாயிரம். பம்ப்காரரிடம் மிச்சம் பிடித்ததை அப்படியே பேங்க்கில் கொண்டுபோய்க் கட்டி, கையிலிருந்தும் பன்னிரண்டாயிரம் போட வேண்டும். அசலை அவள் இன்னும் தொடவேயில்லை.

இந்தக் கட்டத்தில் அசரக் கூடாது. "சேஃப்டி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஏர்பேக், பிள்ளைகள், ராத்திரிப் பயணம். அது நியாயமான காரணமும்கூட; முதலிலேயே அதைச் சொல்லியிருந்தால் காலண்டர் தாள் மிஞ்சியிருக்கும்.

கார் வந்தாயிற்று. உறை போட்டு நிறுத்தியிருக்கிறேன். மார்க்கெட் சந்தில் எவனாவது உரசிவிட்டால்? காய்கறிக்கு, டியூஷனுக்கு, ரேஷனுக்கு எல்லாம் ஸ்கூட்டிதான். போன மாதம் காருக்குப் பெட்ரோல் செலவு 600 ரூபாய். தாளைத் தேடி எடுத்து மனைவியிடம் காட்டினேன்.